மான் வேட்டைக்கு லைசென்ஸ்: சென்னையில் பலர் செய்யும் தவறுகள்

சென்னையில் மான் வேட்டைக்கு லைசென்ஸ் எங்கே வாங்குவது என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். செங்கல்பட்டு பக்கம் பண்ணை வீடு வைத்திருப்பவர்கள், தாத்தா காலத்துத் துப்பாக்கியை லைசென்ஸோடு பாதுகாப்பவர்கள், டெக்சாஸில் இருக்கும் நண்பன் போட்ட வேட்டைப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள். பதில் ரொம்பச் சின்னது: கிடைக்காது. தமிழ்நாட்டில் மட்டுமல்ல, இந்தியாவில் எந்த மாநிலத்திலும் பொழுதுபோக்குக்காகவோ கறிக்காகவோ மானைச் சுட லைசென்ஸ் தருவதில்லை. இது தெரியாமல் இருப்பதும், தெரிந்தும் வேறு ஏதோ ஒரு காகிதம் நம்மைக் காப்பாற்றும் என்று நினைப்பதும்தான் கீழே சொல்லும் எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிட வேண்டும். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அதில் வேட்டை லைசென்ஸுக்கு இடம் இருந்தது. பெரிய விலங்கு, சிறிய விலங்கு என்று தனித்தனி லைசென்ஸ். வீட்டுப் பெரியவர்கள் 'நாங்க லைசென்ஸ் எடுத்துத்தான் போனோம்' என்று சொல்வது பொய்யில்லை. 1991-ல் வந்த திருத்தம் அந்தப் பிரிவுகளையே எடுத்துவிட்டது. இப்போது 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. 11, 12-ஆம் பிரிவுகள் மட்டும் சில விதிவிலக்குகளைத் தருகின்றன. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கு, இனிப் பிழைக்காத அளவுக்கு அடிபட்டதோ நோயுற்றதோ, அறிவியல் ஆய்வு, இப்படி. அதற்கும் உரிய வன அதிகாரியின் எழுத்துமூலமான, காரணம் குறிப்பிட்ட உத்தரவு வேண்டும். 'ஆபீஸ்ல ஆள் இருக்கு, பர்மிட் வாங்கித் தர்றேன்' என்று யாராவது பணம் கேட்டால், அவர் விற்பது இல்லாத ஒன்றை.

துப்பாக்கி லைசென்ஸ் வேறு, வேட்டை வேறு

அடிக்கடி நடக்கும் தவறு இது. சென்னை மாநகரக் காவல் ஆணையர் தரும் ஆயுத லைசென்ஸ் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வருவது. துப்பாக்கியை வைத்திருக்கலாம் என்று மட்டுமே அது சொல்கிறது. எதைச் சுடலாம் என்பதில் அதற்கு வேலையே இல்லை. ஏர் கன் விஷயமும் இதேதான். சக்தி குறைந்த சில வகை ஏர் கன்களுக்கு ஆயுத லைசென்ஸ் வேண்டியதில்லை. அதனால் அதை வைத்து முயலையோ கொக்கையோ அடித்தால் குற்றமில்லை என்று பள்ளிப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். சில அப்பாக்களும்தான். முயலும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அடித்தால் அது வேட்டை.

லைசென்ஸ் உள்ள துப்பாக்கியைக் காரில் போட்டுக்கொண்டு சரணாலயத்துக்குள் நுழைவதே தனிக் குற்றம். முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பண்ணை வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிதாக ஆயுத லைசென்ஸ் தருவதென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஒப்புதல் வேண்டும்.

'வேட்டை' என்றால் சுடுவது மட்டும்தான் என்று நினைப்பதும் தவறு. சட்டத்தின் விளக்கத்தில் சுருக்கு வைப்பது, பொறி வைப்பது, விஷம் வைப்பது, விரட்டுவது, இரை போட்டு வரவழைப்பது, நாயை விட்டுத் துரத்துவது, உயிரோடு பிடிப்பது எல்லாமே அடங்கும். முயற்சி செய்தாலே போதும், மான் சாக வேண்டியதில்லை. ராத்திரியில் டார்ச்சும் சுருக்குக் கம்பியுமாகப் பிடிபட்டு 'ஒண்ணும் கிடைக்கலையே சார்' என்றால் அது பதிலாகாது.

என் பட்டா நிலம், என் பயிர்

மான் யாருடைய நிலத்தில் நின்றாலும் சட்டம் ஒன்றுதான். பயிரை மேய்ந்தால் நீங்களே சுடவோ வேலியில் மின்சாரம் விடவோ முடியாது. மின்வேலி வைத்துப் பக்கத்துத் தோட்டத்து மனிதர் செத்துப்போன வழக்குகளும் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். செய்ய வேண்டியது, வனச்சரக அலுவலகத்தில் புகார் கொடுத்து, சேதத்தைப் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்து இழப்பீடு கேட்பது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பன்றிக்காக வந்த அரசாணையைக் காட்டி, இனி மானையும் சுடலாம் என்று சிலர் பேசுகிறார்கள். அந்த ஆணை காட்டுப்பன்றிக்கு மட்டும். அதிலும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், சுடுவது வனத்துறையினர், நிலத்துக்காரர் அல்ல.

தண்டனையைக் குறைத்து எடைபோடுவது

2022-ல் சட்டம் மறுபடி திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எந்த விலங்குக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று பிரித்துக் காட்டும் பட்டியல்களான அட்டவணைகள் மாறின, அபராதம் ஏறியது. கிண்டியிலும் ஐ.ஐ.டி. வளாகத்திலும் நாம் பார்க்கும் இரண்டு விலங்குகளில் புள்ளிமான் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, வெளிமான் முதல் அட்டவணையில். புள்ளிமான் என்றால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிமான் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு, அபராதம் 25,000-க்குக் குறையாது. புள்ளிமானையே தேசியப் பூங்காவுக்குள் வைத்து வேட்டையாடினால் இந்தக் கடுமையான கணக்குக்குள் வந்துவிடுவீர்கள். கிண்டி 1978 முதல் தேசியப் பூங்கா, 2.7 சதுர கிலோமீட்டர்தான், சுற்றிலும் ஊர். அது ஒரு காலத்தில் ஆளுநர்களின் வேட்டைக் காடு என்பதால் அங்கே விதி தளர்வாக இருக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

வேட்டைக்குப் போன வண்டியும் ஆயுதமும் அரசுக்குப் போய்விடலாம். கார் மாமாவுடையது, நான் ஓட்டத்தான் போனேன் என்பவர்களும் வழக்கில் சேர்க்கப்படுகிறார்கள்.

மான் கறி வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சுட்டவன்தானே குற்றவாளி, நான் காசு கொடுத்து வாங்கினேன் என்பது செல்லாது. வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். சமைத்த கறியிலிருந்தும் மரபணுச் சோதனையில் விலங்கைக் கண்டுபிடித்துவிடலாம். வண்டலூரில் உள்ள உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனத்திலேயே அதற்கான தடயவியல் கூடம் இருக்கிறது.

கூடத்துச் சுவரில் மாட்டிய கொம்பு

சென்னையில் வேட்டையே தெரியாத குடும்பங்களும் சிக்குவது இங்கேதான். பழைய வீட்டை இடிக்கும்போது, பாகம் பிரிக்கும்போது, ஆன்லைனில் பழைய சாமான் விற்கும்போது கொம்பு வெளியே வரும். பலகையின் பின்பக்கம் மைசூர் வான் இங்கன் நிறுவனத்தின் சீட்டு ஒட்டியிருந்தால், பழையது என்பதற்கு அடையாளம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியடைகிறார்கள். அந்தச் சீட்டு, பாடம் செய்தவர் யார் என்று சொல்லும். உரிமையாளர் யார் என்று சொல்லாது. வெளிமான் தலை, புலித்தோல் போன்ற முதல் அட்டவணைப் பொருளுக்கு வனத்துறை கொடுத்த உரிமைச் சான்றிதழ் இருக்க வேண்டும். 2003-ல் விதி போட்டு, கணக்கில் வராததை அறிவிக்க 180 நாள் அவகாசம் தந்தார்கள். அப்போது அறிவிக்காத வீடுகள் ஏராளம். சான்றிதழ் உள்ள பொருள் வாரிசாக உங்களுக்கு வந்தால் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அப்பா காலமான துக்கத்தில் இதை யாரும் நினைப்பதில்லை. நினைவூட்ட வேண்டியது உறவினர்களின் வேலை.

'காட்டில் உதிர்ந்து கிடந்தது, எடுத்து வந்தோம்' என்று சொல்பவர்களுக்கு ஒரு விவரம். புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும். உதிர்ந்த கொம்பின் அடிப்பகுதி சொரசொரப்பான வளையத்தோடு, கொஞ்சம் குவிந்து முடிந்திருக்கும். கொன்று எடுத்த கொம்பில் மண்டையோட்டு எலும்பு ஒட்டியிருக்கும், அல்லது ரம்பம் போட்ட தடம் தெரியும். வெளிமானுக்குக் கொம்பு உதிர்வதே கிடையாது. பார்த்த மாத்திரத்தில் அதிகாரிக்குத் தெரிந்துவிடும். உண்மையிலேயே உதிர்ந்ததாக இருந்தாலும், தேசியப் பூங்காவிலிருந்தோ காப்புக்காட்டிலிருந்தோ எடுத்து வருவது குற்றம்தான். கையில் பொருள் இருந்தால், அது முறைப்படி வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் நம் தலையில்தான்; 57-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது.

காகிதம் இல்லாத கொம்பை என்ன செய்வது? விற்காதீர்கள், பரிசாகக் கொடுக்காதீர்கள், ராத்திரியோடு ராத்திரியாகக் கூவத்தில் போடாதீர்கள். 2022 திருத்தத்தில் 42அ என்று ஒரு பிரிவு சேர்ந்திருக்கிறது. உரிமைச் சான்றிதழ் உள்ளவர்கள், வேண்டாத பொருளைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தானாகவே ஒப்படைக்கலாம், இழப்பீடு கிடையாது. காகிதம் இல்லாத பொருளைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை, அதனால் தனியாகப் போய் நிற்காதீர்கள். ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, கடிதம் எழுதி, ஒப்படைத்த ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் நினைவு அவர் படத்தில் இருக்கட்டும்.

அடிபட்ட மான், தனியாக நிற்கும் குட்டி

இது நல்ல மனசுக்காரர்கள் செய்யும் தவறு, அதனால்தான் எனக்கு வருத்தம் அதிகம். தாய்மான் குட்டியைப் புல்லில் ஒளித்துவைத்துவிட்டு மேயப் போகும். அனாதையாக நிற்கிறது என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கி வந்தால், சட்டப்படி அது பிடித்தல். குட்டிக்கோ தாயை இழந்த கதை. சாலைக்கு வந்த மானை நாலு பேர் சேர்ந்து துரத்திப் பிடிப்பதும் வேண்டாம். பயத்திலும் ஓட்டத்திலும் தசை சிதைந்து, காயமே இல்லாமல் மான் செத்துவிடும். சர்தார் படேல் சாலையில் வண்டி மோதி ஒன்று விழுந்து கிடந்தால், வண்டிகளை விலகிப் போகச் சொல்லி, நாய்களைத் தள்ளி வைத்து, வனத்துறைக்கோ காவல்துறைக்கோ சொல்லுங்கள். செத்துவிட்டாலும் உடல் அரசின் சொத்து. கறியோ கொம்போ யாரும் எடுக்கக்கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள்

டெக்சாஸில் நம் புள்ளிமானே திரிகிறது. 1932 வாக்கில் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். வெளியிலிருந்து வந்த இனம் என்பதால் அதற்கு அங்கே வேட்டைப் பருவக் கட்டுப்பாடு இல்லை. நண்பன் அனுப்பும் படத்தில் இருப்பது அதுவாக இருக்கலாம். ஆனால் அங்கும் மாநில வேட்டை லைசென்ஸ் வேண்டும், நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சி வகுப்பும் உண்டு. அந்த நாட்டின் சொந்த மானான வெள்ளைவால் மானுக்குப் பருவமும் எண்ணிக்கையும் தனி. அடித்தவுடன் லைசென்ஸோடு வரும் அடையாளச் சீட்டை நிரப்பிக் கட்டியாக வேண்டும்.

எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: அமெரிக்க மத்திய சட்டப்படி அவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கவே கூடாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று. முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் நண்பனின் துப்பாக்கியைத் தொடுவது. வரிசை மாறினால் விசாவுக்கே ஆபத்து. ஊருக்கு வரும்போது கொம்பையும் காய்ந்த கறியையும் பெட்டியில் வைக்காதீர்கள். மீனம்பாக்கம் சுங்கத்தில் டெக்சாஸ் லைசென்ஸைக் காட்டினாலும் அது இறக்குமதி அனுமதி ஆகாது.