பட்டாளத்தில் இறந்தவரின் ஊரைத் தேடி மட்டக்களப்புக்குப் போகிறவர்களுக்கு

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் பட்டாளத்தோடு போய் எகிப்திலோ இத்தாலியிலோ இறந்த உறவினரின் குடும்பத்தைத் தேடுகிறீர்களா? பயணச்சீட்டு எடுக்குமுன் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் தரவுத்தளத்தைப் பாருங்கள். இலவசம்தான். படை இலக்கம், பிரிவு, இறந்த நாள், கல்லறை இலக்கம் கிடைக்கும். சிலருக்கு வயது, பெற்றோர் பெயர், ஊரும் இருக்கும். 1947 டிசம்பர் 31 வரை சேவையில் இறந்தவர்களும் அதில் அடக்கம் என்பதால், போர் முடிந்தபின் முகாமில் நோயால் இறந்தவரையும் தேடலாம். கந்தையா என்ற பெயரை அன்று ஆங்கிலத்தில் 'சி' போட்டும் எழுதினார்கள், 'கே' போட்டும் எழுதினார்கள். இரண்டையும் பாருங்கள். தகப்பன் பெயரில் பதிந்திருக்கவும் கூடும்.

அலைச்சல் தொடங்குவது "மட்டக்களப்பு, இலங்கை" என்ற வரியில். அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது 1961இல். 1943இல் மட்டக்களப்பான் என்று எழுதப்பட்டவர் இன்று அம்பாறையில் இருக்கும் காரைதீவாராக இருக்கலாம், தம்பிலுவிலாராக இருக்கலாம். அவ்வளவு பழைய பிறப்புப் பதிவை, அந்தப் பதிவாளர் பிரிவின் ஏடுகள் இருக்கும் பிரதேச செயலகத்தில்தான் தேடுவார்கள். ஊர் தெரியாமல் போனால் அரைநாள் காத்திருந்து, "இது எங்கட பிரிவு இல்ல, கல்முனைக்குப் போய்ப் பாருங்க" என்ற பதிலோடு பஸ் ஏற வேண்டும். கல்முனையில் அக்கரைப்பற்றைக் காட்டுவார்கள். இரண்டு வார விடுமுறையில் ஒரு வாரம் இப்படியே கரையும். போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளும் சனி ஞாயிறும் வேறு பூட்டு. உத்தியோகத்தரோடு சண்டை பிடிக்காதீர்கள். ஊரின் பெயரைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள் நாங்கள்தான்.

பிறப்புப் பதிவைத் தேடக் கேட்கும் பி 63 படிவத்தில் பத்து வருடத்தைத் தேடச் சொன்னால் வேலை நடக்காது. இறக்கும்போது வயது 24, ஆண்டு 1943 என்றால் 1918 முதல் 1920 வரை கேளுங்கள். பட்டாளத்தில் சேர வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் உண்டு. பழைய ஏடுகளில் பிள்ளையின் பெயர் எழுதாமலே விட்ட பதிவுகள் இருக்கின்றன. ஆகவே தாயின் பெயரையும் கொடுங்கள். வெளிநாட்டில் இறந்தவரை உள்ளூர் இறப்பு ஏட்டில் தேடுவது வீண். ஊர்முறையில் நடந்த கலியாணம் பதியப்படாமலும் இருக்கும். 1978 சூறாவளிக்கும் 2004 சுனாமிக்கும் பிறகு "ஏடு இல்லை" என்பது உண்மையாகவும் இருக்கலாம். அதை எழுத்தில் வாங்குங்கள்.

கிறிஸ்தவர் என்றால் முதலில் கோவில் ஞானஸ்நான ஏடு. சைவர் என்றால் ஊர்க் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடம் போங்கள். இங்கே குடி, அதாவது குலம், தாய்வழி. ஆண் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். தகப்பன் பெயரைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டால் கிடைக்காது. அவருடைய சகோதரிகள் யார், அவர்களின் பெண்பிள்ளைகள் எந்த வளவில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

வெளிநாட்டுக்காரர் பழைய பத்திரம் கேட்டால் காணிக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். நினைப்பதில் பிழையில்லை, அப்படி வந்தவர்கள் உண்டு. காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லாதீர்கள். "பிரித்தானியா காசு தருமா?" என்று கேட்பார்கள். தரும் என்று ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் திரும்பியபின் ஒரு குடும்பம் அதை நம்பிக் காத்திருக்கும்.

வீட்டில் பெத்தா (பாட்டி) இருந்தால் காலையில் போங்கள், அவர் சொல்லும் பெயர்களைச் சொன்னபடியே எழுதுங்கள். கல்லறைப் படத்தைப் போனில் காட்டினால் அவருக்குத் தெரியாது. பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டு, அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.