'கே காமிக்ஸ்' வரிசையைச் சேர்ப்பதும் பகிர்வதும்

பழைய தன்பாலீர்ப்பு காமிக்ஸ் தொகுப்புகளைச் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் அமெரிக்காவின் 'கே காமிக்ஸ்' வரிசையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். 1980 முதல் 1998 வரை வந்தவை மொத்தம் 25 இதழ்கள்தான். பொறுமை இருந்தால் முழு வரிசையும் கைக்கு வந்துவிடும். முதல் ஐந்தை விஸ்கான்சினில் இருந்த கிச்சன் சிங்க் பிரஸ் வெளியிட்டது. ஆறிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவின் பதிப்பாளர் பாப் ராஸ். ஆசிரியர்கள் மூவர்: 1–4 ஹோவர்ட் க்ரூஸ், 5–13 ராபர்ட் ட்ரிப்டோ, 14–25 ஆண்டி மாங்கெல்ஸ். ஆசிரியர் மாறும்போது இதழின் முகமும் மாறுவதால், ஒவ்வொருவர் காலத்திலிருந்தும் இரண்டிரண்டு வாங்கிப் படித்துவிட்டு மற்றதைத் தேடலாம்.

ஆங்கிலத்தில் இதழின் பெயர் முதலில் எக்ஸ் எழுத்தில் முடிந்தது (Gay Comix). 15ஆம் இதழிலிருந்து சி, எஸ் என்று மாறியது (Gay Comics). ஈபே விற்பனைத் தளத்தில் ஒரு எழுத்துக்கூட்டலை மட்டும் போட்டுத் தேடினால் பாதி வரிசை கண்ணிலேயே படாது.

பணம் கட்டும் முன் விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: பதிப்பு விவரம் உள்ள பக்கம், ஸ்டேப்பிள் தெரியும்படி நடுப்பக்கம், பின்னட்டை. முதல் படம், முதல் பதிப்பா மறுபதிப்பா என்று பார்க்க. விற்றுத் தீர்ந்த இதழை மறுபடி அச்சடிப்பது அண்டர்கிரவுண்ட் பதிப்பகங்களின், அதாவது பெரிய காமிக்ஸ் நிறுவனங்களுக்கு வெளியே இயங்கிய சிறு பதிப்பகங்களின் வழக்கம். முதலில் வந்த ஆண்டு அப்படியே நிற்கும், அட்டை விலை மட்டும் ஏறியிருக்கும். படிப்பதற்கு மறுபதிப்பு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. முதல் பதிப்பின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். துரு ஏறிய ஸ்டேப்பிளைச் சுற்றித் தாள் மக்கி நடுத்தாள் கழன்று போயிருக்கலாம். இரண்டாவது படம் அதைக் காட்டிவிடும். மூன்றாவது படம், ஆர்டர் கூப்பனை (தபாலில் இதழ் கேட்டு வெட்டி அனுப்பும் துண்டு) யாராவது கத்தரித்திருக்கிறார்களா என்று பார்க்க. கத்தரித்திருந்தால் அதன் மறுபக்கக் கதையும் சேர்ந்து போயிருக்கும். பக்க எண்ணிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உறை வாங்கும் முன் இதழை அளந்துகொள்ளுங்கள். அண்டர்கிரவுண்ட் இதழ்கள் எல்லாம் ஒரே அகலம் இல்லை. பாலிப்ராப்பிலீன் அல்லது மைலார் (பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) உறை, உள்ளே அமிலமில்லாத அட்டை. பிவிசி உறை வேண்டவே வேண்டாம். நாளடைவில் அது கசிந்து மையோடு ஒட்டிக்கொள்ளும். உறையின் மூடியில் பசை இருந்தால், இதழை வெளியே எடுக்கும்போது அட்டை அதில் சிக்கி ஒரு கீற்று உரிந்து வந்துவிடும். அதனால் மூடியை முழுக்கப் பின்னால் மடித்துப் பிடித்துக்கொண்டே உருவுங்கள். கிழிசலுக்கு செலோ டேப் போடாதீர்கள். கறை தாளுக்குள் இறங்கிவிட்டால் போகாது. ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும்தான் சரி. இதழ்களை வைக்கும் பெட்டி இருக்கும் இடத்தில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். கடலோர ஊர்களில் சிலிக்கா ஜெல் போட்டால் மட்டும் போதாது. அதை அவ்வப்போது மாற்றவும் வேண்டும்.

ஸ்கேன் எடுக்க 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), கிரேஸ்கேல் (நிறமில்லாத சாம்பல் சாயல்கள்), டிஃப் (TIFF) கோப்பு. மெல்லிய தாளில் மறுபக்க மை தெரியும். பின்னால் ஒரு கறுப்புத் தாள் வைத்தால் அது மங்கிவிடும். ஸ்டேப்பிள் துருப்பிடித்த இதழைக் கண்ணாடியில் அழுத்தாதீர்கள். துளை கிழிந்து பக்கம் கையோடு வந்துவிடும். அதற்குக் கேமராதான் நல்லது.

அந்த ஸ்கேன் உங்கள் சொந்தப் பாதுகாப்புக்கு மட்டும். முழு இதழையும் இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள். தொகுப்பு இதழில் ஒவ்வொரு கதைக்கும் உரிமை பொதுவாக அதை வரைந்தவருடையது. ஆசிரியர் சம்மதித்தாலும் போதாது. 1978க்குப் பின் வந்த அமெரிக்கப் படைப்புக்கு உரிமை, படைத்தவர் இறந்த பின்னும் 70 ஆண்டு நீடிக்கும். க்ரூஸ் 2019இல் காலமானார். அவர் கதைகளுக்கு 2089 முடியும் வரை உரிமை உண்டு.  படிக்க ஆசைப்படும் நண்பருக்கு, ஜஸ்டின் ஹால் தொகுத்து 2012இல் ஃபேன்டாகிராபிக்ஸ் வெளியிட்ட 'நோ ஸ்ட்ரெய்ட் லைன்ஸ்' தொகுப்பைச் சொல்லுங்கள். இல்லையென்றால் இதழையே இரவல் கொடுங்கள். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

பகிர்வதில் எல்லோருக்கும் பயன்படுவது அட்டவணைதான். கதைத் தலைப்பு, வரைந்தவர், பக்க எண்ணிக்கை, மறுபதிப்பு விவரம் எல்லாவற்றையும் குறித்து, கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற இணைய அட்டவணையில் விடுபட்டிருந்தால் சேர்த்துவிடுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: புனைபெயரில் வரைந்தவரின் உண்மைப் பெயர் உங்களுக்குத் தெரிந்தாலும், அவரே வெளியில் சொல்லியிருந்தாலொழிய எழுதாதீர்கள். வேலையும் வீடும் பறிபோகும் என்று பயந்துதான் அன்று பலர் பெயரை மறைத்தார்கள். வாசகர் கடிதங்களைப் பகிர்ந்தால் பெயரையும் ஊரையும் மறைத்துவிடுங்கள்.

அடுத்து 1986இல் தொடங்கிய 'மீட்மென்' வரிசைக்குப் போகிறவர்கள் கவனிக்க: வெளிப்படையான பாலியல் படங்கள் நிறைந்தது, இந்தியாவுக்குத் தபாலில் வரவழைத்தால் சுங்கத்தில் பறிமுதலாகலாம். 1988இன் 'ஸ்ட்ரிப் எய்ட்ஸ் யுஎஸ்ஏ' எய்ட்ஸ் நிவாரணத்துக்காக வந்த தொகுப்பு. அதையும் கட்டாயம் தேடுங்கள்.

இரட்டைப் பிரதிகள் சேர்ந்துவிட்டால் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக நூலகம், ஒஹாயோவின் பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகம், சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜிஎல்பிடி ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி (பால்புதுமையர் வரலாற்றுச் சங்கம்) போன்ற இடங்களைக் கேட்டுப் பாருங்கள். பார்சலை அனுப்பிவிடாமல் முதலில் பட்டியலை அனுப்பி, அவர்களிடம் இல்லாததை மட்டும் கொடுங்கள்.