மான்தோ: வெள்ளையாக, மெத்தென்று இருந்தால் போதுமா?

மாவு, தண்ணீர், ஈஸ்ட். மான்தோவுக்கு வேண்டியது இவ்வளவுதான். வட சீன வீடுகளில் பெரும்பாலும் உப்பு கூடப் போடுவதில்லை. ஷான்டோங், ஹெனான், ஹெபெய், ஷான்சி என்று கோதுமை விளையும் மாகாணங்களில் ஆவியில் வெந்து வரும் இந்த உருண்டைதான் அன்றாடச் சாப்பாடு. ச்சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் சேர்த்து ஒரு கோடு போட்டால், அதற்குத் தெற்கே நெல், வடக்கே கோதுமை என்பது சீனாவின் பழைய கணக்கு. அந்தக் கோட்டுக்கு வடக்கே மான்தோ என்றால் சோறு. அதைப் பலகாரமாகவோ பேக்கரி பன்னாகவோ நினைத்துக்கொண்டு ஆரம்பிப்பதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

முதலில் சர்க்கரை. "சப்பென்று இருக்கிறதே" என்று சர்க்கரை, பால், வெண்ணெய் எல்லாம் சேர்ப்பார்கள். தெற்கே குவாங்டோங் பக்கம் பாலும் சர்க்கரையும் போட்ட சின்ன, மிருதுவான மான்தோ உண்டு. அதைப் பொன்னிறமாகப் பொரித்துக் கெட்டியான இனிப்புப் பாலில் தொட்டுச் சாப்பிடுவார்கள். நன்றாகவே இருக்கும். ஆனால் அது வேறு வகை. வடக்கத்தி மான்தோ சப்பென்று இருப்பது குழம்புக்கும் ஊறுகாய்க்கும் இடம் விடத்தான். வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தால் மாவுச்சத்து கரைந்து வரும் லேசான இனிப்பு ஒன்று அதில் உண்டு. சர்க்கரை போட்டால் அது காணாமல் போய்விடும்.

மென்மையும் அப்படித்தான். ஷான்டோங்கில் புளித்த மாவில் மறுபடி உலர்ந்த மாவைத் தூவித் தூவி அழுத்திப் பிசைந்து செய்யும் மான்தோ ஒன்று இருக்கிறது. கனமாக, பல்லுக்கு வேலை வைப்பதாக, கையால் பிய்த்தால் ஏடு ஏடாக உரிவதாக இருக்க வேண்டும். அதுதான் அதற்கு லட்சணம். பஞ்சு போல இருந்தால்தான் வெற்றி என்று நினைப்பவர் அதைத் தின்றுவிட்டு "மாவு சரியாகப் பொங்கவில்லை" என்பார். தண்ணீரின் அளவிலும் இதே குழப்பம் வருகிறது. 500 கிராம் மாவுக்குச் சுமார் 250 மில்லி தண்ணீர் என்பது வழக்கமான அளவு. ஷான்டோங் வகைக்கு இன்னும் குறைவு. ரொட்டி சுட்டுப் பழகியவர்கள் மாவைத் தளரப் பிசைந்துவிடுவார்கள். அது ஆவியில் தட்டையாகப் படர்ந்து உட்கார்ந்துவிடும்.

மாவு விஷயத்தில் ரொட்டிக்கென்று விற்கும் புரதம் கூடிய மாவு தேவையில்லை. அது வெந்ததும் சுருங்கி ரப்பராகும். பத்து, பதினொரு சதவீதப் புரதம் உள்ள சாதாரண மாவு போதும். நம் கடை மைதா ஏறக்குறைய அந்தக் கணக்கில் வரும். சப்பாத்தி மாவிலும் செய்யலாம். ஆனால் தவிடு இருப்பதால் தண்ணீர் கூடுதலாக இழுக்கும், உருண்டை சற்று இறுகி, நிறம் மங்கித்தான் வரும். அதை மைதாவோடு ஒப்பிட்டு வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

வெள்ளையும் மஞ்சளும்

படத்தில் பார்த்த பால் வெள்ளைக்காக மெனக்கெடுவது வீண். சீனாவிலேயே மாவு ஆலைகள் பென்சாயில் பெராக்சைடு போட்டு மாவை வெளுத்துக்கொண்டிருந்தன. 2011 மே 1 முதல் அரசு அதைத் தடை செய்துவிட்டது. வெளுக்காத மாவில் செய்த மான்தோ லேசான தந்த நிறத்தில்தான் இருக்கும்.

மஞ்சளாக இருந்தால் சத்தானது என்பதும் தப்பு. அதே 2011 ஏப்ரலில் ஷாங்காய் சூப்பர் மார்க்கெட்டுகளில் விற்ற சோள மான்தோக்களில் மக்காச்சோள மாவுக்குப் பதிலாக டார்ட்ராசின் சாயம் கலந்திருந்தது வெளியே வந்து நாடே கொந்தளித்தது. மஞ்சள் நிறம் மக்காச்சோளத்தால் வரலாம், வெளுக்காத மாவால் வரலாம், சாயத்தால் வரலாம். இன்னொரு காரணமும் உண்டு: காரம் (மிளகாய்க் காரம் இல்லை, புளிப்பை முறிக்கப் போடும் சோடா வகை) மிஞ்சிப்போவது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

பழைய மாவும் காரமும்

பாக்கெட் ஈஸ்ட் வருவதற்கு முன்பு, ஒவ்வொரு தடவை மாவு பிசையும்போதும் ஒரு கைப்பிடி எடுத்து ஒதுக்கிவைத்து அடுத்த தடவைக்கு அதையே உறையாகப் போடுவார்கள். இன்றைக்கும் மணத்துக்காக இந்தப் பழைய மாவை விடாத வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. அதில் ஈஸ்டோடு பாக்டீரியாவும் வேலை செய்வதால் மாவு புளிக்கும். இட்லி மாவுக்குப் புளிப்பு அழகு. மான்தோவுக்கு அது ஆகாது. அதனால் புளித்த மாவில் சோடியம் கார்பனேட் என்ற காரத்தைக் கரைத்துப் பிசைந்து புளிப்பை முறிப்பார்கள்.

இங்கே செய்யும் பெரிய தவறு, "ஒரு கிலோவுக்கு இத்தனை ஸ்பூன்" என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவது. கோடையில் புளிப்பு கூடும், பனிக்காலத்தில் குறையும். எவ்வளவு நேரம் வைத்தோம், பழைய மாவு எவ்வளவு சேர்த்தோம் என்பதைப் பொறுத்தும் மாறும். கைப்பழக்கம் உள்ளவர்கள் ஸ்பூனை நம்பாமல் மாவைத்தான் சோதிப்பார்கள். காரம் கலந்து பிசைந்த மாவைக் கத்தியால் வெட்டி வெட்டுமுகத்தைப் பார்ப்பது ஒரு வழி. எள் அளவில் ஒரே சீராகத் துளைகள் இருந்தால் சரி. துளைகள் பெரிதும் சிறிதுமாக இருந்து மூக்கில் புளிப்பு ஏறினால் காரம் போதவில்லை. துளைகள் ஒடுங்கி நீண்டு கிடந்தால் கூடிவிட்டது. மாவை உள்ளங்கையால் தட்டி ஓசை கேட்பதும் உண்டு: மத்தளம் போல 'தொம் தொம்' என்றால் போதும், 'பொத்' என்று அமுங்கினால் இன்னும் வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி முதலில் வேகவைத்துப் பார்த்துவிடுவார்கள். வெளுத்து வந்தால் சரி, மஞ்சளடித்தால் காரம் அதிகம், மங்கிச் சுருங்கிப் புளித்தால் குறைவு.

கூடிவிட்டால் மாவைத் தூக்கிப் போட வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்தால் மறுபடி புளிப்பு ஊறிச் சமன் ஆகிவிடும். வெந்து முடிந்த பிறகுதான் மஞ்சள் தெரிந்தது என்றால், அடியில் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு கரண்டி வினிகர் விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் திரும்ப ஆவி காட்டுவார்கள்.

இதில் இரண்டு கிளைத் தவறுகள். ஒன்று, ஆப்ப சோடாவும் இதுவும் ஒன்றுதான் என்று அதே அளவு போடுவது. ஆப்ப சோடா சோடியம் பைகார்பனேட். காரத்தன்மை குறைவு, அளவு ஒத்துவராது. துணிக்குப் போடும் சலவை சோடாவும் ரசாயனப் பெயரில் சோடியம் கார்பனேட்தான், அதற்காக அதை எடுத்துச் சமையலில் போட்டுவிடக் கூடாது. உணவுத் தரம் என்று விற்பது தனி. இன்னொன்று, பாக்கெட் ஈஸ்ட் போட்ட மாவிலும் பழைய சமையல் குறிப்பைப் பார்த்துக் காரம் சேர்ப்பது. இரண்டு மணி நேரத்துக்குள் பொங்கிய மாவில் முறிக்கிற அளவுக்குப் புளிப்பே இருக்காது. மஞ்சள் நிறமும் சோப்பு வாடையும்தான் மிச்சம். போதாக்குறைக்கு, மாவில் உள்ள பி1 வைட்டமினையும் காரம் அழித்துவிடும்.

பொங்குவதும் வேகுவதும்

கடிகாரத்தைப் பார்த்துப் பொங்கவைப்பது அடுத்த தவறு. பெய்ஜிங் குளிரில் எழுதிய "ஒன்றரை மணி நேரம்" சென்னை மே மாதத்தில் செல்லாது. பாதி நேரத்திலேயே மாவு இரண்டு பங்காகியிருக்கும். ஈஸ்டைக் கரைக்கும் தண்ணீரும் கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போகும்.

பொங்கிய மாவில் உள்ள காற்றை நன்றாக அழுத்திப் பிசைந்து வெளியேற்ற வேண்டும். வெட்டிப் பார்த்தால் பெரிய ஓட்டை தெரியாத வரை பிசையுங்கள். சோம்பல்பட்டு விட்டால் வெந்த மான்தோவின் தோலில் அம்மை போட்டது மாதிரி கொப்புளம் கொப்புளமாக நிற்கும். உருட்டிய பிறகு இரண்டாவது முறை ஓய்வு தர வேண்டும். கையில் எடுத்தால் முன்பைவிட லேசாகத் தெரிய வேண்டும். விரலால் தொட்டு அழுத்தினால் பள்ளம் மெதுவாக மேலே வர வேண்டும். சட்டென்று எழும்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. பள்ளம் அப்படியே நின்றுவிட்டால் நேரம் தாண்டிவிட்டது, அடுப்பில் ஏற்றினாலும் அது அமுங்கித்தான் போகும்.

கொதிக்கும் தண்ணீரில் வைப்பதா, பச்சைத் தண்ணீரிலிருந்து ஆரம்பிப்பதா என்று பெரிய வாதமே நடக்கும். இரண்டுமே சரி. இரண்டாவது பொங்கல் கொஞ்சம் குறைவாகத் தோன்றினால் பச்சைத் தண்ணீர். தண்ணீர் சூடேறும் நேரத்தில் மிச்சமும் பொங்கிக்கொள்ளும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது மூடியை. மூங்கில் தட்டின் மூடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நம் வீட்டு இட்லிப் பாத்திரத்தில் வேகவைத்தால் மூடியில் சேரும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மான்தோ மேல் விழும். விழுந்த இடம் கண்ணாடி மாதிரி கறுத்து, பசையாகக் கெட்டித்துவிடும். மூடியை ஒரு துணியால் சுற்றிக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. அடுப்பை அணைத்ததும் ஆசையாகத் திறக்கவும் வேண்டாம். சூட்டிலிருந்து சட்டென்று குளிர்ந்த காற்று பட்டால் உள்ளே உப்பி நின்றது சுருங்கி, தோல் கிழவன் முகமாகிவிடும். மூடியை லேசாக விலக்கி ஐந்து நிமிடம் விட்டுத் திறங்கள்.

மேலே வெடித்துவிட்டதே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு பழைய செய்தி. மூன்றாம் நூற்றாண்டில், மேற்கு ஜின் அரசில் ஹெ செங் என்று ஓர் அமைச்சர் இருந்தார். சாப்பாட்டு ஆடம்பரத்துக்குப் பேர்போனவர். ஆவியில் வெந்த மாவுப் பண்டம் மேலே சிலுவை போலப் பிளந்திருந்தால்தான் தொடுவாராம். மலர்ந்த மான்தோ என்று வெடிப்புக்காகவே செய்யும் வகை இன்றும் இருக்கிறது.

கதையும் தட்டும்

மான்தோவைக் கண்டுபிடித்தவர் மூன்றாம் நூற்றாண்டுத் தளபதி சூகெ லியாங் என்று சொல்லாத சீன உணவுக் கட்டுரை குறைவு. 225-இல் தெற்குப் படையெடுப்பிலிருந்து திரும்பும்போது ஆற்றுத் தெய்வத்துக்கு மனிதத் தலைகளைப் பலி கொடுக்க மனமில்லாமல், மாவில் தலை போலச் செய்து உள்ளே இறைச்சி வைத்துப் போட்டார் என்பது கதை. ரசிக்கலாம், வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்தக் கதை சோங் வம்சத் தொகுப்புகளில் வருகிறது. அதாவது சூகெ லியாங் இறந்து எண்ணூறு வருடங்களுக்குப் பிறகு. மேற்கு ஜின் காலத்தில் கோதுமை உணவுகளைப் பாடிய ஷு ஷி என்ற புலவர், வசந்தத்தின் தொடக்கத்தில் விருந்துக்கு ஏற்றது மான்தோ என்று சொல்கிறார். அவர் பாட்டில் எந்தத் தளபதியும் இல்லை.

"காலங்காலமாக ஏழைகளின் தினசரி உணவு" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். வெள்ளை மாவு நெடுங்காலம் அபூர்வப் பொருள். 1955-இல் தானியக் கூப்பன்கள் வந்தன. 1993-இல்தான் முழுவதுமாக ஒழிந்தன. அந்த வருடங்களில் வடக்கே பல வீடுகளில் அன்றாடம் கிடைத்தது மக்காச்சோள மாவில் கூம்பாகப் பிடித்த வோதோ. வெள்ளை மான்தோ விருந்தாளிக்கும் புத்தாண்டுக்கும். ஷான்டோங் கடற்கரைப் பக்கமும் ஷான்சியிலும் கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் பூவாக, மீனாக, பீச் பழமாக மான்தோவைச் செதுக்கி வைக்கும் கலை வளர்ந்ததற்கு இந்த அருமையும் ஒரு காரணமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லை, அதனால் சர்க்கரை நோயாளிக்கு நல்லது என்று சிலர் சொல்வார்கள். ஆபத்தான நம்பிக்கை இது. ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசீமிக் குறியீடு, வெள்ளை மான்தோவுக்குச் சீன உணவு அட்டவணைகளில் 85-ஐ ஒட்டி இருக்கிறது. தூய குளுக்கோஸுக்கே அது 100தான்.

வெறும் மான்தோவைக் கடித்துவிட்டு "இதில் என்ன இருக்கிறது" என்று கேட்பதும், வெறும் சோற்றைத் தின்றுவிட்டுக் குறை சொல்வதும் ஒன்றுதான். நடுவில் பிளந்து புளிக்கவைத்த டோஃபுவைத் தடவியோ, காரக் கடுகுத்தண்டு ஊறுகாயை வைத்தோ சாப்பிட வேண்டும். கறிக்குழம்பு இருந்தால் கையால் பிய்த்துத் தட்டை வழித்துவிடலாம். சிங்கப்பூரில் சில்லி நண்டுக் குழம்பைத் துடைத்துச் சாப்பிடப் பொரித்த மான்தோ கொடுப்பது இதே வழக்கத்தின் தெற்கத்தி வடிவம்.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடக்கே மான்தோ என்றால் உள்ளே ஒன்றும் இராது. பூரணம் வைத்தது பாவோசி. ஷாங்காய் வட்டாரத்தில் பூரணம் வைத்ததையும் மான்தோ என்றுதான் சொல்வார்கள். அங்கே ஷெங்ஜியென் மான்தோ கேட்டால் தட்டில் வருவது பன்றி இறைச்சி வைத்தது.

மிஞ்சியதை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து சீக்கிரமாக இறுகி மான்தோ கட்டை போலாகும். ஆறியதும் ஃபிரீசரில் போட்டு, வேண்டும்போது அப்படியே எடுத்துப் பத்து நிமிடம் ஆவியில் காட்டினால் பழையபடி ஆகிவிடும். காய்ந்தே போயிருந்தால் வில்லை வில்லையாக நறுக்கி, அடித்த முட்டையில் முக்கித் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். வட சீன வீடுகளில் மறுநாள் காலைச் சாப்பாடு பல நாள் இதுதான்.