முகத்தின் பாகங்களை ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுப்பது எப்படி? முன்பள்ளிக்கு ஒரு செய்முறை

கொழும்பில் முன்பள்ளிப் பிள்ளைக்கு ஆங்கிலம் என்றதும் பெற்றோர் முதலில் கேட்பது, "ஏபிசிடி எழுதத் தொடங்கியாச்சா டீச்சர்?" என்பதுதான். மூன்று, நான்கு வயதில் எழுத்துக்கு அவசரமில்லை. நம் பாடசாலைகளிலேயே தரம் 1, 2இல் ஆங்கிலம் நீண்ட காலமாகப் பேச்சும் விளையாட்டுமாகத்தான் இருந்து வந்திருக்கிறது. அதற்கும் முந்திய வயதுக்குக் காதும் கையும் போதும். தொடங்குவதற்கு முகத்தின் பாகங்கள் நல்ல தலைப்பு. படம் வாங்கத் தேவையில்லை, ஒவ்வொரு பிள்ளையும் கையோடு கொண்டுவந்துவிடும்.

வகுப்புக்காக எழுதியிருக்கிறேன். வீட்டில் ஒரே பிள்ளையோடும் இதைச் செய்யலாம்.

படி 1: சொற்களைக் குறையுங்கள்

முதல் வாரம் மூன்றே சொற்கள்: நோஸ், ஐஸ், மவுத். அடுத்த வாரம் இயர்ஸ், ஹெயர். டீத், சீக்ஸ், சின் எல்லாம் அதற்கப்புறம். புருவம், இமை இப்போதைக்கு வேண்டாம். சீக், சின் இரண்டையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். தொடங்கும் ஒலியும் ஒன்று, முகத்தில் இருப்பதும் பக்கத்தில் பக்கத்தில். பிள்ளை மாற்றி மாற்றிக் காட்டும். ஒன்று நன்றாகப் பிடிபட்ட பிறகு மற்றதற்குப் போங்கள்.

படி 2: தமிழில் கேளுங்கள்

உங்கள் முகத்தைத் தொட்டுக் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரே வகுப்பில் ஒரு பிள்ளை சொண்டு, சொக்கு என்னும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை உதடு, கன்னம் என்னும். இரண்டும் சரி, திருத்தப் போகாதீர்கள். இந்தப் படியில் பார்க்க வேண்டியது வேறு. தமிழிலேயே எது நாடி என்று தெரியாத பிள்ளைக்கு 'சின்' என்று சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. முதலில் நாடியைக் காட்டுங்கள், ஆங்கிலம் பிறகு வரட்டும்.

படி 3: கேட்கட்டும், தொடட்டும்

நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே கொடுங்கள். பிள்ளைகளை வட்டமாக இருத்துங்கள். "டச் யுவர் நோஸ்" என்று சொல்லிக்கொண்டே உங்கள் மூக்கைத் தொடுங்கள். அவர்களும் பார்த்துத் தொடுவார்கள். இப்படியே ஐஸ், மவுத். சில சுற்றுக்குப் பிறகு சொல்லைச் சொல்லிவிட்டு உங்கள் கையைக் கொஞ்சம் தாமதியுங்கள். யாருடைய கை உங்களுக்கு முன்னால் போகிறது என்று கவனியுங்கள். அடுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லை மட்டும் சொல்லுங்கள். வரிசையையும் மாற்றுங்கள். நோஸ், ஐஸ், மவுத் என்று எப்போதும் ஒரே ஒழுங்கில் சொன்னால் பிள்ளைக்குப் பாடமாவது ஒழுங்குதான், சொல் அல்ல.

கடைசியில் ஒரு குறும்பு: "டச் யுவர் நோஸ்" என்று சொல்லிக்கொண்டு உங்கள் காதைத் தொடுங்கள். "இல்லை டீச்சர்!" என்று கத்துகிற பிள்ளைக்குச் சொல் வந்துவிட்டது. கூடவே காதைத் தொடுகிற பிள்ளைக்கு இன்னும் ஒரு நாள் கொடுங்கள்.

இதுவரை எந்தப் பிள்ளையும் ஆங்கிலத்தில் வாய் திறக்க வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்த முறையின் அடிப்படையே இதுதான்: கட்டளையைக் கேட்டு உடம்பால் பதில் சொல்வது முதலில், பேச்சு அதன் பிறகு. "எங்கே, நோஸ் என்று சொல்லு பார்ப்போம்" என்று வற்புறுத்தினால் கூச்சமுள்ள பிள்ளை அடுத்த நாள் வட்டத்துக்கே வராது. தாமாகச் சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

ஒரு எச்சரிக்கை. தன் முகத்தைத்தான் தொட வேண்டும், அடுத்தவர் முகத்தை அல்ல. கண்ணில் விரல் போய்விடும். தடிமன் காலமென்றால் முடிந்ததும் எல்லோரும் கை கழுவ வேண்டும். மொத்தம் பத்து நிமிடம் போதும்.

படி 4: கண்ணாடி

உடையாத பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றைக் கைமாற்றுங்கள். பார்க்கிற பிள்ளையிடம் "வேர் இஸ் யுவர் மவுத்?" என்று கேளுங்கள். நாக்கை நீட்டும், பல்லைக் காட்டும், சிரிக்கும். பரவாயில்லை.

உச்சரிப்பைக் கவனிக்கவும் இதுதான் இடம். 'ஐஸ்' என்றதும் ஐஸ்பழம் ஞாபகம் வந்து வகுப்பே சிரிக்கும். கண்ணுக்குரிய சொல்லின் கடைசி ஒலி வண்டு ரீங்காரம் போல அதிர வேண்டும். 'மவுத்', 'டீத்' இரண்டுக்கும் நாக்கு நுனி பல்லிடையே வர வேண்டும். நீங்கள் சரியாகச் சொல்லிக் காட்டினால் போதும், பிள்ளையை நிறுத்தித் திருத்த வேண்டாம்.

படி 5: முகம் செய்வோம்

பிரிஸ்டல் போர்ட் அட்டையில் சாப்பாட்டுப் பீங்கானைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டுங்கள். கண், மூக்கு, வாய், காது, முடியைத் தனித்தனியாக வெட்டி, பின்னால் வெல்க்ரோ ஒட்டுங்கள். துண்டுகள் பிள்ளையின் உள்ளங்கை அளவு இருக்கட்டும். பட்டன், மணி வேண்டாம், வாயில் போட்டுவிடுவார்கள். கடையில் வாங்கும் பல படங்களில் நீலக் கண்ணும் மஞ்சள் முடியும்தான். நாம் செய்கிறபோது மண்ணிறம், கறுப்பு எடுத்தால் என்ன?

"கிவ் மீ த நோஸ்" என்று கேளுங்கள். குவியலிலிருந்து மூக்கை எடுத்துத் தரும் பிள்ளையே ஒட்டட்டும்.

படி 6: யானைக்குக் கண் வைத்தல்

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுகளில் கண்ணைக் கட்டிக்கொண்டு யானைப் படத்துக்குக் கண் வைப்பதை இங்கே எல்லாரும் பார்த்திருப்போம். அதே விளையாட்டை யானைக்குப் பதில் நம் பிரிஸ்டல் போர்ட் முகத்தை வைத்து ஆடலாம். கண்ணைக் கட்டினால் சில பிள்ளைகள் பயப்படுவார்கள்; கையால் பொத்திக்கொண்டாலே போதும். ஒரு துண்டைக் கொடுத்து, அதன் பெயரைச் சொல்லி அனுப்புங்கள். மூக்கு நெற்றியில் போய் உட்காரும். அப்போது "டஸ் த நோஸ் கோ ஹியர்?" என்று கேட்டால், இதுவரை வாய் திறக்காத பிள்ளையும் "நோ! நோ!" என்று சேர்ந்துகொள்வதைப் பார்க்கலாம்.

வீட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியது கொஞ்சம்தான். முகம் கழுவும்போது நோஸ், மவுத். தலை இழுக்கும்போது ஹெயர், இயர்ஸ். விருந்தினர் வந்த நேரம் பிள்ளையை நடுவில் நிறுத்தி, "மாமாவுக்கு இங்கிலிஷில் சொல்லிக் காட்டு" என்று பரீட்சை வைக்க வேண்டாம் என்றும் அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.