மூலக்கடை மேம்பாலத்தில் ஒரு ஒப்பந்தம்: ஜோம்பி தொடருக்கு எபிசோடு எழுதிப் பழகலாம் வாங்க

ஜோம்பி கதை எழுத உட்காருகிறவர்கள் முதலில் ஜோம்பியைத்தான் யோசிக்கிறார்கள். ஓடுமா, நடக்குமா, மண்டையில் அடித்தால் விழுமா? அதெல்லாம் அரை மணி நேர வேலை. பிழைத்துக் கிடக்கிற இரண்டு கூட்டங்களை, ஒருவரை ஒருவர் துளியும் நம்பாத நிலையிலேயே, ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேச வைப்பதுதான் கஷ்டம். அதை மட்டும் இங்கே சென்னையை வைத்துச் செய்து பார்ப்போம். கதை எழுதிப் பழக்கமே இல்லையென்றாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு மாதக் காலண்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கொஞ்சம் பார்க்கவும்

‘தி வாக்கிங் டெட்’ என்ற அமெரிக்க ஜோம்பி தொடர் 2010இல் தொடங்கி 2022இல் முடிந்தது. 11 சீசன், 177 எபிசோடு. பயப்படாதீர்கள், நம் வேலைக்கு 7ஆவது சீசன் போதும். நீகன் என்ற வில்லனின் கூட்டம் மற்ற ஊர்களிடம் இருக்கிற சாமானில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போகும். அதை எதிர்க்க அலெக்ஸாண்ட்ரியா, ஹில்டாப், கிங்டம் என்ற மூன்று குடியிருப்புகள் சேரும். ஆனால் ஹில்டாப் தலைவன் கிரெகரிக்கு இதில் விருப்பமே கிடையாது. கிங்டம் ராஜா எசக்கியேல் ரொம்ப நாள் தயங்குவார். குப்பைமேட்டுக் கூட்டம் ஒன்று துப்பாக்கி தருவதாகச் சொன்னதால் சேர்ந்துகொண்டு, கடைசி நேரத்தில் அந்தத் துப்பாக்கியையே திருப்பிப் பிடிக்கும்.

பார்க்கும்போது ஒவ்வொரு கூட்டமும் எதற்காகச் சேர்கிறது என்று ஒற்றை வார்த்தையில் குறித்துக்கொள்ளுங்கள். “நட்பு” என்று எழுதும்படி ஒரு இடமும் வராது.

படி 2: உங்கள் வாழ்க்கையில் நடந்ததை எடுங்கள்

2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். அப்போது நாங்கள் இருந்த அபார்ட்மென்டில் இரண்டு பிளாக். ஏ பிளாக் போர்வெல்லில் கொஞ்சம் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பி பிளாக்கில் ஒருவருக்கு லாரிக்காரரைத் தெரியும். பார்க்கிங் சண்டையில் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அந்த இரண்டு பிளாக்கும் ஒரே சம்ப்பில் தண்ணீர் சேர்க்க ஒத்துக்கொண்டன. ஒரு நிபந்தனை: சம்ப் மூடிக்கு இரண்டு பூட்டு, பிளாக்குக்கு ஒரு சாவி. மோட்டார் போட வேண்டுமென்றால் இரண்டு பேரும் வந்தாக வேண்டும். காலை ஐந்தரை மணிக்கு, பல் துலக்காத முகத்தோடு, பேசிக்கொள்ளாமல் இரண்டு மாமாக்கள் பூட்டு திறந்த காட்சியை நான் இன்னும் மறக்கவில்லை.

உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஜோம்பி பிறகு வரட்டும்.

படி 3: இரண்டு கூட்டம், இரண்டு குறை

ஒரு கூட்டத்திடம் மிதமிஞ்சி இருப்பது எதுவோ, அது அடுத்த கூட்டத்திடம் அறவே இருக்கக் கூடாது. நான் எடுத்துக்கொண்டவை இவை.

முதல் கூட்டம் காசிமேட்டில். படகு, வலை, மீன் உண்டு. குடிக்கத் தண்ணீர் இல்லை. கரண்ட் போன மறுநாளே ஐஸ் கரைந்துவிடும். ஆனால் உப்பும் வெயிலும் இருக்கும்வரை கருவாடு போடலாம். இரண்டாவது கூட்டம் புழல் சிறைக்குள். உயரமான மதில், பக்கத்திலேயே ஏரி. உள்ளே பழைய கைதிகளும் பழைய வார்டர்களும் ஒன்றாக இருக்கிறார்கள் (இதுவே தனிக் கதை, இப்போது வேண்டாம்). தண்ணீர் உண்டு, சாப்பாடு தீர்ந்துவிட்டது.

சந்திப்பு நடுவழியில், மூலக்கடை மேம்பாலத்தின் மேல். பாலமாக இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் தூரத்திலேயே தெரியும்.

இப்போது கணக்குப் போடுங்கள், தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். காசிமேட்டில் 200 பேர். ஆளுக்கு மூன்று லிட்டர் என்றால் நாளைக்கு 600 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்தால் 40 குடம். இரண்டு மீன்பாடி வண்டி (மூன்று சக்கரச் சுமை வண்டி) தினமும் போய்வர வேண்டும். ஆக, 40 குடத்துக்கு ஒரு மூட்டை கருவாடு என்று பேச்சு.

படி 4: பெயர் வையுங்கள்

‘தி வாக்கிங் டெட்’டில் “ஜோம்பி” என்ற சொல்லே வராது. பெரும்பாலும் “வாக்கர்” என்பார்கள், வேறு கூட்டங்கள் வேறு பெயர் வைத்திருக்கும். நாமும் அப்படியே செய்யலாம். துறைமுகத் தண்ணீரில் பிணங்கள் மிதந்ததைப் பார்த்த காசிமேட்டுக்காரர்களுக்கு அது “மெதப்பு”. சிறைக்காரர்களுக்கு “ரிலீஸ்”.

படி 5: ஒரே ஒரு காட்சியை முழுதாக எழுதுங்கள்

என் வரைவு இது. அமுலு காசிமேட்டுக்காரி. வார்டர் காக்கிச் சட்டையும் லுங்கியுமாக வந்திருக்கிறார். நடுவில் ஒரு எவர்சில்வர் குடம், அளக்க.

அமுலு: இன்னா சார், கொடத்துக்கு வயிறு ஒட்டிக் கெடக்குது?

வார்டர்: நேத்தும் இதே கொடந்தாம்மா.

அமுலு: நேத்து நசுங்குன பக்கத்த அந்தாண்ட திருப்பி வெச்சிருந்த.

(வார்டர் பதில் சொல்லவில்லை. மூட்டையிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்து இரண்டு விரலால் ஒடிக்கிறார். அது ஒடியவில்லை, வளைகிறது.)

வார்டர்: இதுக்குப் பேரு காஞ்ச மீனா?

(அமுலு மூட்டையின் வாயை இழுத்துக் கட்டுகிறாள்.)

அமுலு: ஊத்து சார், வெயிலு ஏறுது.

வார்டர்: கீழ ரெண்டு ரிலீஸ் நிக்குது. பாத்துப் போ.

அமுலு: இன்னாது நிக்குது?

நன்றாகக் காயாத கருவாடு எடை கூடும். நசுங்கிய குடத்தில் தண்ணீர் குறையும். இரண்டு பேரும் ஏமாற்றுகிறார்கள், அது இரண்டு பேருக்கும் தெரியும், இருந்தும் வண்டி கிளம்புகிறது. குடத்துக்கு ஒரு லிட்டர் குறைந்தால் 40 குடத்தில் 40 லிட்டர் போச்சு, 13 பேருடைய ஒரு நாள் தண்ணீர். படி 3இல் கணக்குப் போடச் சொன்னது இதற்காகத்தான். கணக்கு இல்லையென்றால் நசுங்கல் வெறும் நசுங்கலாகத்தான் தெரியும்.

அப்புறம், விளிப்பைக் கவனியுங்கள். அமுலு “சார்” என்கிறாள், கூடவே “ஊத்து” என்று ஒருமையில் பேசுகிறாள். நம் மொழியில் உறவு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று காட்ட இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. “சார்” எந்த எபிசோடில் “அண்ணே” ஆகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். என் கதையில் எட்டாவதில். பத்தாவதில் மறுபடி “சார்”.

படி 6: காலண்டரை விரிக்கவும்

புதியவர்கள் ஒப்பந்தத்தை முறிக்க உடனே ஒரு துரோகியைக் கொண்டுவருகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. சென்னையில் அந்த வேலையைப் பருவமே செய்துவிடும்.

கதையை ஏப்ரல் 20இல் தொடங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதனால் விசைப்படகு எல்லாம் கடலில் இல்லாமல் கரையில் கட்டிக் கிடக்கும், காசிமேட்டுக்கு அது அதிர்ஷ்டம். மே மாதம் அக்னி நட்சத்திரம். ஏரி கீழே இறங்க இறங்க, வார்டர் குடத்துக்கு மதிப்பு ஏறும். 40 குடம் 30 ஆகும், மூட்டை மட்டும் அதேதான்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். காசிமேட்டுக்காரர்கள் தெருவில் அண்டாவை வைத்தாலே தண்ணீர். புழல் தண்ணீரை யார் கேட்பார்கள்? ஆனால் கடல் கொந்தளிக்கிறது, மீனும் இல்லை, கருவாடு காய வெயிலும் இல்லை. இரண்டு பக்கமும் விற்க ஒன்றுமில்லாத நாட்கள் அவை. ஒரு சண்டைக் காட்சிகூட இல்லாமல் ஒப்பந்தம் தானாக அறுந்துவிட்டது.

அப்புறம் ஏரி நிரம்புகிறது. ஷட்டரைத் திறக்கத் தெரிந்த ஆள் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் படகைத் தெருவுக்குள் கொண்டுவந்து ஆட்களை மீட்டார்கள். உங்கள் கதையிலும் அந்தப் படகுகள் இருக்கின்றன.

படி 7: ஜோம்பி

எங்கே வேண்டுமோ அங்கே விடுங்கள். ஒரு எபிசோடுக்கு இரண்டு இடம் தாராளம்.

படி 8: கடைசிக் காட்சி

மழை தொடங்கிய மறுநாள் காலை. அமுலுவுக்குப் பாலத்துக்குப் போக எந்தக் காரணமும் இல்லை. அவளைப் போக வைப்பதா, வேண்டாமா? மூன்று தடவை எழுதி அடித்தேன். போகவில்லை என்று முடித்தால் காட்சியே இல்லை. போய்ப் பேசினாள் என்று எழுதினால் இரண்டு பேரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள். நான்காவது வரைவில் போனாள், மூட்டை இல்லாமல், தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு. பாலத்தின் மேல் யாரும் இல்லை. குடம் மட்டும் இருந்தது, நசுங்கின பக்கம் இவளைப் பார்த்தபடி. மழைத் தண்ணீர் அதில் கழுத்துவரை ஏறியிருந்தது.