கொரங்காட்டில் மர நிழலும் புல் வகையும்: எண்ணிப் பார்க்கும் முறை

காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில்) வெள்வேல மரத்தடியில் ஒரு வகைச் செடிகள், வெட்டவெளியில் கொழுக்கட்டைப் புல். வித்தியாசம் எவ்வளவு என்று அறிய, வடகிழக்குப் பருவமழைக்குப் பின், மாடு விடுமுன் எண்ணுங்கள். மேய்ந்த புல்லில் கதிர் இருக்காது. கதிரில்லாமல் இனம் பிரிப்பது பெரும்பாடு.

பிவிசி குழாயில் உள்ளளவு 1 மீட்டர் வரும்படி சதுரச் சட்டம் செய்யுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் பசை போடாமல் கழற்றும்படி விடுங்கள். கழற்றினால்தான் முள்செடியைச் சுற்றி நுழையும். நிழலில் 10 இடம், வெளியில் 10 இடம் சட்டத்தை வைத்து, உள்ளே உள்ள இனங்களை எண்ணுங்கள். இடங்களின் எண்ணிக்கை சமமாக இருக்கவேண்டும். அதிகச் சட்டம் வைத்த பக்கம் அதிக இனம் காட்டும், அது கணக்குக் கோளாறு. இடத்தைக் கண்ணால் தேர்ந்தெடுக்காதீர்கள், கை தானாகப் பசுமையான பக்கம் போகும். மரத்திலிருந்து இத்தனை தப்படி என்று முன்பே முடிவுசெய்யுங்கள்.

விதானம் (மேலே மர இலைகள் மூடியிருக்கும் அளவு) அளக்க, காட்டின் குறுக்கே நடந்து, 2 தப்படிக்கு ஒருமுறை சிறு குழாய் வழியே நேர்மேலே பாருங்கள். 100 பார்வையில் 23 முறை இலை தெரிந்தால் 23 சதவீதம்.

மாடு படுக்கும் மரத்தடியைத் தனியாகக் குறியுங்கள். அங்கே சாணமும் மூத்திரமும் சேர்ந்து நாயுருவி மாதிரியான களைகள் மண்டும். அதை நிழலின் விளைவு என்று எழுதிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.