பிரேக் விளக்கு எரிந்தால் உடனே ஆயில் ஊற்றாதீர்கள்

டேஷ்போர்டில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட அந்தச் சிவப்பு விளக்கு எரிந்ததும் நிறைய பேர் செய்வது இதுதான்: பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவில் மேக்ஸிமம் கோடு வரை ஊற்றி, விளக்கு அணைந்ததும் கிளம்பிவிடுவார்கள். அணைந்தது விளக்குதான், கோளாறு அப்படியே இருக்கிறது. என்ஜின் ஆயில் மாதிரி எரிந்து குறைகிற சமாச்சாரம் இல்லை இது. மூடிய குழாய்களுக்குள்ளேயே இருப்பது. குறைந்திருந்தால் பேட் (சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) தேய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கோ ஒழுகவேண்டும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது எரிந்தால் முதலில் பெடலை லேசாக அழுத்திப் பாருங்கள். வழக்கம்போல கெட்டியாக இருந்தால் மெதுவாக ஓரம்கட்டி நிறுத்திப் பார்க்கலாம். பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, வழக்கத்தைவிடக் கீழே போனாலோ, பெடலைப் பலமுறை பம்ப் செய்துகொண்டே கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிறுத்துங்கள். அதற்கப்புறம் ஓட்டவே வேண்டாம், வண்டியை இழுத்துப் போக ஆள் கூப்பிடுங்கள். இப்போதைய கார்களில் பிரேக் இரண்டு தனித்தனிச் சுற்றாக இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும், ஆனால் நிற்க எடுக்கும் தூரம் மிகவும் கூடிவிடும்.

சரி, வண்டி நின்றாயிற்று, பெடலும் நன்றாக இருக்கிறது. ஹேண்ட்பிரேக் முழுக்க இறங்கியிருக்கிறதா பாருங்கள், ஒரு பல் மேலே நின்றாலே விளக்கு எரியும். நெம்புகோலைக் கீழ்நோக்கி அழுத்தும்போது விளக்கு அணைந்து, விட்டதும் எரிந்தால், அதனடியில் இருக்கும் சின்ன ஸ்விட்ச்தான் சரியாக அமுங்கவில்லை. அதன் ஒயரைக் கழற்றியதும் விளக்கு அணைகிறதா என்று பார்த்தால் பெரும்பாலான கார்களில் சந்தேகம் தீர்ந்துவிடும். பட்டனை அழுத்திப் போடும் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் கை வைக்காமல் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது ஆயில் டப்பா. வண்டி சமதளத்தில் நிற்கட்டும். டப்பா பழசாகி மஞ்சளித்திருந்தால் வெளியிலிருந்து மட்டம் தெரியாது, பின்னாலிருந்து டார்ச் அடித்தால் கோடு தெரியும். திருப்பத்திலும் பிரேக் போடும்போதும் மட்டும் விளக்கு மினுக்கினால் அது ஆயில் மினிமத்தை ஒட்டி நிற்பதற்கான அடையாளம். ஆயில் ஆடும்போது உள்ளே இருக்கும் மிதவை ஒரு கணம் கீழே இறங்கி ஸ்விட்சைத் தட்டிவிடுகிறது.

மட்டம் குறைந்திருந்தால் மூடியைத் திறக்காமல் சக்கரத்துக்குப் போங்கள். பேட் தேயத் தேய, அதை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும், மட்டம் குறையும். சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்த்தால் வெளிப்பக்க பேட் தெரியும், ஆனால் உள்பக்க பேட் அதைவிட வேகமாகத் தேய்ந்திருக்கலாம், அதனால் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதுதான் சரி. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டாதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு அளந்தால் பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால் மாற்றுங்கள், அதே அச்சில் இருக்கும் மறுபக்கத்துக்கும் சேர்த்து. தேய்ந்த பேடோடு டப்பாவை நிரப்பிவிட்டீர்கள் என்றால், புது பேட் போட பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போது ஆயில் பொங்கி வழியும். வழிந்த இடத்துப் பெயின்ட் உரிந்துவிடும், பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பேட் தடிமனாக இருந்தும் ஆயில் குறைந்திருக்கிறதா? ஒழுகல்தான். ஒவ்வொரு டயரின் உள்பக்கச் சுவர், காலிப்பருக்குப் போகும் ரப்பர் ஹோஸ், பின்சக்கரத்தில் டிரம் பிரேக் என்றால் அதன் பின்தகட்டின் கீழ் விளிம்பு, இதெல்லாம் ஈரமாக இருக்கிறதா தடவிப் பாருங்கள். வெளியே சொட்டே இல்லாமலும் குறையலாம், மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்ததும் ஆயிலைக் குழாய்களுக்குத் தள்ளும் பாகம்) பின்சீல் போனால் ஆயில், மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டருக்குள் இறங்கிவிடும். என்ஜின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்திருங்கள், மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் மேல்தான் முதல் சந்தேகம். கையால் கியர் மாற்றும் பல கார்களில் கிளட்சுக்கும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது, அந்தப் பக்கத்தையும் மறக்காதீர்கள். ஒழுகும் பாகத்தை மாற்றிவிட்டுக் குழாய்களுக்குள் புகுந்த காற்றை எடுப்பது பழகியவர் வேலை, ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் வசதி) யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் பல கார்களில் ஸ்கேனர் இல்லாமல் வெளியே வராது.

ஊற்றும்போது மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 சிலிக்கோன், இவற்றோடு சேராது. என்ஜின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ ஒரு துளி போனாலும் ரப்பர் சீல்கள் உப்பிவிடும், அப்புறம் செலவு எங்கேயோ போய்விடும். பாதி மீந்து மாதக்கணக்கில் கிடக்கும் டின்னும் வேண்டாம், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்திருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் சிவப்பு அணையவில்லை என்றால் மிதவை சிக்கியிருக்கலாம், டப்பாவை விரலால் தட்டிப் பாருங்கள். கூடவே பேட்டரி விளக்கும் எரிந்தால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள், சில கார்களில் சார்ஜ் நின்றால் இரண்டும் சேர்ந்தே எரியும். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் தனியாக எரிந்தால் சாதா பிரேக் வேலை செய்யும், அவசரப் பிரேக்கில் சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் வசதிதான் இருக்காது. பெரும்பாலும் சக்கர சென்சாரில் அழுக்கு அல்லது ஒயர் உரசல். ஆனால் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரேக் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் வசதியும் போயிருக்கலாம், ஓட்டாதீர்கள்.

பேட் மாற்றியிருந்தால் வண்டியை அசைக்கும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் முதல் சில மிதிகளுக்குப் பிரேக்கே இருக்காது.